செர்வான் ரூஸெல் சொன்னதும் ஜாக்மீன் எழுதியதும்

1836ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரான்ஸின் சான் மாலோ துறைமுக அலுவலகத்தில் வழிகாட்டிகளின் பதிவேட்டைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க் கப்பல்களைப் பாறைகளுக்கு நடுவே துறைக்கு அழைத்து வருகிற வழிகாட்டிகள் மொத்தம் பதினான்கு பேர். அவர்களில் மூத்தவர் செர்வான் ரூஸெல். வயது அறுபத்திரண்டு. தோள் இன்னும் வளையவில்லை. இடது காதின் மேல்பாதி கிடையாது. வாலிபத்தில் பனி தின்றுவிட்டது.

எழுத்தர் பாரிஸிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"வழிகாட்டி ஆகறதுக்கு முன்னாடி என்ன வேலை பெரியவரே?"

"கோர்சேர்."

எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தபடியே சிரித்தார். "ஓ, கடற்கொள்ளையா? அப்படியே எழுதிடவா?"

வரிசையில் நின்ற மற்ற வழிகாட்டிகள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். செர்வான் கை ஓங்குவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு பேசினார்.

"தம்பி, கொள்ளைக்காரன் பிடிபட்டா தூக்குல போடுவாங்க. என்னைப் பிடிச்சவன் எட்டு வருஷம் கஞ்சி ஊத்தினான். ஏன்னு நெனைக்கிறே? எங்க கேப்டன் கையில அரசாங்க முத்திரை போட்ட சீட்டு இருந்துச்சு. சண்டை நடக்கிற காலத்துல எதிரி நாட்டுச் சரக்குக் கப்பலைப் பிடிக்கலாம்னு சீட்டு. பிடிச்சதை இதே ஊருக்குக் கொண்டாந்து நீதிபதி முன்னாடி நிறுத்தணும். அவர் சரின்னாதான் அது எங்களுது. எந்தக் கொள்ளைக்காரன் நீதிபதி வாசல்ல வரிசையில நிக்கிறான், சொல்லு பாப்போம்?"

"சரி சரி, கோர்சேர்னே எழுதறேன்."

"எழுது. எழுத்துக்கூட்ட வரலைன்னா எம் பொண்டாட்டியை அனுப்பறேன்."

வரிசை முழுதும் சிரித்தது. செர்வான் சிரிக்கவில்லை. ஊரைச் சுற்றிய மதில் ஓரமாகவே வீட்டுக்கு நடந்தார். வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னதைக் கவனிக்கவில்லை.

வீட்டில் ஜாக்மீன் அயிலை மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. புரட்சிக்கு முன்னால் கன்னியர் மடத்தில் நான்கு வருடம் படித்தவள். அந்தத் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பெண் அவள்தான். செர்வானுக்குக் கடலை மட்டும்தான் படிக்கத் தெரியும். கையெழுத்துக்குப் பதில் ஒரு நங்கூரம் வரைவார்.

"பேனா இருக்கா?" என்றார்.

"எதுக்கு? யாருக்கு மொட்டைக் கடுதாசி?"

"என் கதையை எழுதணும். நான் சொல்றேன், நீ எழுது. இல்லேன்னா நான் செத்ததும் அந்தப் பாரிஸ் பொடியன் என்னைக் கொள்ளைக்காரன்னு எழுதிவெச்சிருவான்."

ஜாக்மீன் கையைத் துடைத்துக்கொண்டாள். "எழுதறேன். ஆனா பொய் எழுத மாட்டேன். உன் வாயில ஒரு அலை ஒவ்வொரு வருஷமும் ரெண்டு முழம் வளருது."

இப்படித்தான் அந்த நினைவேடு தொடங்கியது. ஞாயிறு பூசை முடிந்து, கறுங்கோதுமை அடையும் உப்பு வெண்ணெயும் தின்று, ஒரு குவளை ஆப்பிள் கள் குடித்தபின் இருவரும் மேஜையில் உட்காருவார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எழுதியதைவிட நிறுத்திக் கேட்டதுதான் அதிகம்.

"அலை கோயில் கோபுரம் ஒசரம் வந்துச்சு."

"எந்தக் கோயில்? நம்ம கோயிலா, எதிர்க்கரைக் கோயிலா?"

"எதிர்க்கரைக் கோயில்."

"அதுல கோபுரமே இன்னும் கட்டி முடிக்கலையே."

"அப்ப அந்த ஒசரம்தான். எழுது."

முதல் பக்கங்கள் அவருடைய பிள்ளைப் பருவம். செர்வான் துறைமுகத்தின் எதிர்க்கரைச் சிற்றூரில் 1774இல் பிறந்தார். அந்த ஊர்ப் புனிதரின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். அப்பா வருடா வருடம் காட் மீன் பிடிக்க அமெரிக்கப் பக்கத்து நியூபவுண்ட்லாந்து போவார், ஒரு வருடம் போனவர் திரும்பி வரவேயில்லை. அம்மா பாறைச் சிப்பி பொறுக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வெகுதூரம் வற்றும்போது, சிப்பிக்காரப் பெண்கள் ஒரு படகில் ஏறி, மற்ற நாட்களில் கண்ணுக்கே தெரியாத பாறைகளுக்குப் போவார்கள். அப்பாறைகளில் ஒன்று சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். ஊரில் அதற்குக் கவிழ்ந்த சட்டி என்றே பெயர். அம்மா சிப்பி பெயர்க்கும்வரை செர்வான் படகில் சும்மா இருக்க மாட்டான். நூலில் கல்லைக் கட்டிப் பாறைகளுக்கு இடையே இறக்கி ஆழம் பார்ப்பான். அது அவனுக்கு விளையாட்டு. தண்ணீர் ஏறிச் சட்டியின் இடுப்பைத் தொட்டதும் படகுக்காரர் சத்தம் போடுவார், பெண்கள் ஓடி வந்து ஏறுவார்கள். அந்த நேரத்தில் பாறைக்குப் பின்னால் உள்ள ஓடையில் இரண்டரை ஆள் ஆழம் இருக்கும். ஐந்து வருடம் அளந்தான். ஒருநாளும் அது மாறவில்லை.

பதினைந்து வயதில் அவனும் நியூபவுண்ட்லாந்துக்குப் போனான். காதைப் பனிக்குக் கொடுத்தது அங்கேதான். அங்கே வந்த இங்கிலாந்து மீனவர்களிடம் புகையிலை மாற்றியும் வாய்ச்சண்டை போட்டும் ஆங்கிலம் கற்றுக்கொண்டான். 1793இல் இங்கிலாந்தோடு போர் மூண்டது. கடல் முழுக்க அவர்கள் கப்பல். காட் மீன் பிடிக்கப் போக வழியில்லை. சான் மாலோக் கடலில் வளர்ந்தவன் வேறு என்ன செய்வான்? கேப்டன் துமேனில் என்பவர் 'நீர்க்காகம்' என்ற கப்பலுக்கு ஆள் எடுத்தார். ஒல்லியான கப்பல், ஆறு பீரங்கி, கண் மூடித் திறப்பதற்குள் திரும்பும் வேகம். செர்வான் பெயர் கொடுத்தான். நான்கு வருடத்தில் மாலுமிகளின் தலைவன் ஆனான்.

"ஆறு பீரங்கியா? போன வாரம் எட்டுன்னே," என்றாள் ஜாக்மீன்.

"ரெண்டு மரத்துல செஞ்சது. எதிரியை ஏமாத்த."

"அப்ப 'ஆறு பீரங்கியும் ரெண்டு கட்டையும்'னு எழுதறேன்."

1797 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லும்போது செர்வான் எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவருக்கு வரவில்லை.

அந்த மாதம் 'நீர்க்காகம்' இங்கிலாந்தின் தென்முனைக்கு அருகே ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்தது. இரண்டு பாய்மரம், அயர்லாந்து வெண்ணெயும் உப்புக் கறியும் நிறையச் சுமை. இரண்டு குண்டுகளிலேயே கொடியை இறக்கிச் சரணடைந்துவிட்டார்கள். பிடித்த கப்பலை ஊருக்குக் கொண்டுபோகும் பொறுப்பைத் துமேனில் செர்வானிடம் கொடுத்தார்.

"அஞ்சு பேரைக் கூட்டிக்க. அவங்க ஆளுங்கள்ல ஏழு பேரை உன்கூட விடறேன், மிச்சம் பேர் என்கிட்ட இருக்கட்டும். செர்வான், வெண்ணெய் உருகறதுக்குள்ள வீடு போய்ச் சேரு."

"பிப்ரவரியில வெண்ணெய் எங்க கேப்டன் உருகும்?"

"அப்ப உனக்கு நேரம் நெறைய இருக்கு. போ."

செர்வானுக்கு வயது இருபத்திரண்டு. முதன்முதலாக ஒரு கப்பல் அவன் வாய்ச்சொல்லுக்குத் திரும்பியது. ஏழு கைதிகளையும் கிடங்கில் இறக்கி மூடியைப் பூட்டினார்கள். கைதிகளில் ஒருவர் அந்தக் கப்பலின் தலைவர் ஹாக்கின். ஐம்பது வயது, தடித்த கழுத்து, அதிகம் பேசாதவர்.

மறுநாள் தென்மேற்கிலிருந்து புயல் வந்தது. பழைய கப்பல், அடிப்பலகைகள் இளகிவிட்டன. கிடங்கில் தண்ணீர் ஏறியது. பாயைச் சமாளிக்க நான்கு பேர், சுக்கானுக்கு ஒருவர் வேண்டும். மிஞ்சிய ஒருவன் பம்பை எவ்வளவு நேரம் அடிப்பான்? மதியத்துக்குள் தண்ணீர் முழங்கால் அளவு ஆகிவிட்டது. கீழேயிருந்து கைதிகள் மூடியைத் தட்டுகிற சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது.

செர்வான் சொன்னான்: "மூடியைத் திறக்கப்போறேன். அவங்களும் பம்பு அடிக்கட்டும்."

தூஸான் என்ற மூத்த மாலுமி கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தான். "உனக்குப் பைத்தியமா? ஏழு பேர்டா அவனுங்க. நாம ஆறு. மேல வந்ததும் நம்ம கழுத்தை அறுத்துட்டு வீட்டுக்குப் போயிருவானுங்க."

"எதை வெச்சு அறுப்பான்?"

"நம்ம வாளை வெச்சுதான்!"

செர்வான் ஒரு கணம் யோசித்தான். பிறகு ஆயுதப் பெட்டியைத் திறந்தான். எட்டுத் துப்பாக்கி, பன்னிரண்டு வாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் வீசினான். தூஸான் அவன் கையைப் பிடித்து இழுத்தான், வைதான், கடைசியில் மாதாவைக் கூப்பிட்டு அழுதே விட்டான். செர்வான் நிறுத்தவில்லை. தன் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைக் கடைசியாக வீசிவிட்டு மூடியைத் திறந்தான்.

"மேல வாங்க. எல்லாரும் பம்புக்கு," என்று தன் மீன்பிடி ஆங்கிலத்தில் கத்தினான்.

ஹாக்கின் முதலில் ஏறி வந்தார். காலிப் பெட்டியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, நேராவே சொல்லிடறேன். புயல் நின்னதும் கப்பலை நாங்க திருப்பி எடுத்துக்கப் பாப்போம்."

"தாராளமா. அதுக்கு முதல்ல கப்பல்னு ஒண்ணு இருக்கணும்ல, பெரியவரே?"

ஹாக்கின் மேல்சட்டையைக் கழற்றினார்.

அன்றும் மறுநாளும் பம்பின் ஒரு கைப்பிடியில் பிரெஞ்சுக்காரன், மறுகைப்பிடியில் ஆங்கிலேயன். பசித்தால் சரக்குப் பீப்பாயை உடைத்து வெண்ணெயைக் கையால் அள்ளி, காய்ந்த ரொட்டியில் அப்பித் தின்றார்கள். தூஸானோடு ஜோடி சேர்ந்தவன் ஒரு செந்தலையன். இரண்டு பேரும் அவரவர் மொழியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே அடித்தார்கள். வேறு எந்த ஜோடியும் அவ்வளவு தண்ணீர் இறைக்கவில்லை என்று செர்வான் பெருமையாகச் சொல்வார்.

மூன்றாம் நாள் காலை காற்று வடமேற்குக்குத் திரும்பித் தணிந்தது. தூரத்தில் செசாம்பர் தீவு தெரிந்தது. அதற்குப் பின்னால் ஊர். செர்வானின் ஆட்கள் சந்தோஷத்தில் கூவினார்கள். கூவி முடிப்பதற்குள் பின்னால் ஒரு பாய் தெரிந்தது. இங்கிலாந்துப் போர்க்கப்பல். காற்று அதற்கும் சாதகம். அது இரண்டு மடங்கு வேகம்.

ஆங்கில மாலுமிகள் தங்கள் கொடியைப் பார்த்ததும் பம்பை விட்டுவிட்டுத் தளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை போடவில்லை, கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள். தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியது.

"பாத்தியா? ஒரு துப்பாக்கி இருந்தா இப்ப எழுப்பலாம்," என்றான் தூஸான்.

"துப்பாக்கி இருந்தா அது இந்நேரம் அவங்க கையில இருக்கும்," என்றான் செர்வான். அவன் கண் வேறெங்கோ இருந்தது. கடல் வற்றி மறுபடி ஏறுகிற நேரம். கப்பல்கள் போகும் பெரிய வழியைப் பிடிக்க வேண்டுமானால் மேற்கே சுற்றிப் போக வேண்டும். அதற்குள் போர்க்கப்பல் எட்டிவிடும். நேர் எதிரே பாறைகள், வெள்ளை வெள்ளையாய் நுரை. அந்த நுரைக்கு நடுவே கவிழ்ந்த சட்டி தெரிந்தது. தண்ணீர் அதன் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு படகில் ஏறுகிற நேரம் அது.

இரண்டரை ஆள் ஆழம். சுமையோடு இந்தக் கப்பல் இரண்டேகால் ஆள் ஆழத்துக்கு மிதக்கும். அதுவும் உள்ளே தண்ணீர் ஏறாவிட்டால்.

அவன் சுக்கானைத் தானே வாங்கிக்கொண்டு கப்பலைப் பாறைகளை நோக்கித் திருப்பினான். ஹாக்கின் துள்ளி எழுந்தார்.

"என்ன பண்றே நீ?"

"வீட்டுக்குப் போறேன். அந்தப் பாறைக்குப் பின்னால ஒரு ஓடை இருக்கு. கப்பல் இப்ப இருக்கிற கனத்துல உரசாம போகும். இன்னும் ஒரு முழம் தண்ணி உள்ள ஏறினா அடி தட்டும். தட்டினா பதிமூணு பேரும் போயிருவோம். உக்காருறதுன்னா உக்காருங்க பெரியவரே. நான் திரும்பப் போறதில்ல."

ஹாக்கின் பாறைகளைப் பார்த்தார். பின்னால் வரும் தன் நாட்டுக் கொடியைப் பார்த்தார். செர்வானின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் தானே பம்பைப் பிடித்தார். ஏழு பேரும் எழுந்தார்கள்.

கப்பல் ஓடைக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் கையால் தொடலாம் போலிருந்தது. ஓரிடத்தில் அடியில் ஏதோ உரசியது. தளத்தில் நின்றவர்களின் உள்ளங்கால் அதை உணர்ந்தது. பம்பின் சத்தம் மட்டும். பிறகு நீர் கறுத்தது. ஆழம். போர்க்கப்பல் வெளியே நின்று, பெயருக்கு இரண்டு குண்டு வீசிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அன்று காலை ஊர் மதில்மேல் நூறு பேருக்குமேல் நின்று பார்த்தார்கள். கப்பல்பாய் தைக்கும் பட்டறையிலிருந்து ஓடி வந்த பெண்களில் பத்தொன்பது வயது ஜாக்மீனும் ஒருத்தி.

"நான் என்ன நெனைச்சேன்னு எழுதட்டுமா?" என்றாள் அவள் பேனாவை நிறுத்தி.

"எழுது, எழுது. 'வீரன்'னு நெனைச்சிருப்பே."

"'இந்த முட்டாப்பய நல்ல கப்பலைப் பாறையில ஏத்தப் போறான்'னு நெனைச்சேன்."

அதையும் எழுதினாள். செர்வான் தடுக்கவில்லை.

கரையில் பாராட்டும் கிடைத்தது, வசவும் கிடைத்தது. ஆயுதங்களைக் கடலில் போட்டதற்குக் கப்பல் முதலாளி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துமேனில் மட்டும், ஊர் கூடிய இடத்தில் செர்வானின் தோளில் கை போட்டுக்கொண்டு, "என்கிட்ட நூறு துப்பாக்கி இருக்கு, இவனை மாதிரி ஒரு தலை இல்ல" என்றார். ஹாக்கினை ஊரருகே கடலில் சேரும் ஆற்றின் மேல்பக்கம் உள்ள கோட்டையில் கைதியாக வைத்தார்கள். செர்வான் மாதம் ஒருமுறை படகில் போய்ப் புகையிலை கொடுத்துவிட்டு வந்தார். பத்து மாதத்தில் கைதி மாற்றத்தில் ஹாக்கின் ஊர் திரும்பினார். அதற்குள் செர்வானுக்கும் ஜாக்மீனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

அதன்பின் ஒன்பது வருடத்தில் பதினொரு கப்பல்களைப் பிடிப்பதில் செர்வானுக்குப் பங்கு உண்டு. 1806இல் அதிர்ஷ்டம் திரும்பியது. மூடுபனிக்குள் இரண்டு போர்க்கப்பல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். செர்வானை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், பாய்மரம் பிடுங்கிச் சேற்றில் நிறுத்தியிருந்த ஒரு பழைய சிறைக்கப்பலில் அடைத்தார்கள். எண்ணூறு பேர், குனிந்துதான் நடக்கலாம். நல்ல ரொட்டி கிடையாது. நாறும் கருவாடும் கஞ்சியும். ஹாக்கின் வந்து உதவினாரா என்று கேட்பார்கள். அவர் வரவில்லை. செர்வான் அங்கே இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.

இந்தப் பகுதியைச் செர்வான் வேகமாகச் சொல்லி முடிக்கப் பார்த்தார். ஜாக்மீன் விடவில்லை.

"எட்டு வருஷத்தை எட்டு வரியில சொல்றே. என்னய்யா மறைக்கிறே?"

"ஒண்ணுமில்ல."

"கோர்சேருக்கு மறைக்கத் தெரியும். எனக்குத் தேடத் தெரியும். சொல்லு."

செர்வான் மேஜையின் மரத்தை நகத்தால் கீறினார். பிறகு சொன்னார்.

சிறைக்கப்பலில் இரண்டாம் வருடம் ஓர் அதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டார். மேஜைமேல் சான் மாலோக் கடலின் வரைபடம் விரித்திருந்தது. பெரிய பாறைகள் எல்லாம் அதில் இருந்தன. சிறிய வழிகள் இல்லை. அந்த அதிகாரிக்குப் பழைய வெண்ணெய்க் கப்பல் கதை எப்படியோ தெரிந்திருந்தது.

"நீ போன வழியை மட்டும் இதுல குறிச்சுக் குடு. அடுத்த வாரம் உன்னை உன் கரையிலேயே இறக்கி விட்டுடறோம். உனக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கில்ல?"

செர்வான் வரைபடத்தைக் குனிந்து பார்த்தாராம். வெகுநாள் கழித்து ஊரைப் பார்க்கிற ஆசையில், துறைமுகம் இருந்த இடத்தில் விரலை வைத்தாராம். அப்புறம் விரலை எடுத்துவிட்டுச் சொன்னாராம்: "ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வழி என் காலுக்குத்தான் தெரியும். காலை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

அந்த அதிகாரி மூன்று முறை கூப்பிட்டு அனுப்பினார். மூன்று முறையும் அதே பதில். அதன்பின் கூப்பிடவில்லை. செர்வான் இன்னும் ஆறு வருடம் அந்தக் கப்பலில் கிடந்தார். 1814இல் போர் முடிந்துதான் வெளியே விட்டார்கள்.

ஜாக்மீன் எழுதவில்லை. பேனாவை மைக்கூட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறு வருஷம்," என்றாள்.

"ஆமா."

"அடுத்த வாரமே நீ வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

"இருபத்திரண்டு வருஷமா இதைச் சொல்லாம என் பக்கத்துல படுத்திருக்கே."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். மதிலைச் சுற்றி முழுவட்டம் நடந்தாள் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த எட்டு வருடமும் மூன்று பிள்ளைகளை அவள் வளர்த்த விதம் ஊருக்குத் தெரியும். பாய்ப் பட்டறையில் வேலை இல்லாமல் போனதும், எதிர்க்கரைக்கு ஆள் ஏற்றும் படகில் துடுப்புப் போட்டாள். மழை, காற்று, பனி, எதுவும் பார்க்கவில்லை. படகுக்கார ஆண்கள் முதல் மாதம் கேலி செய்தார்கள், இரண்டாம் மாதம் அவள் துடுப்பைக் களவாடி ஒளித்து வைத்தார்கள். அவள் அடுப்புக்கு வைத்திருந்த பலகையை எடுத்துவந்து அதையே துடுப்பாகப் போட்டுக்கொண்டு கரை கடந்தாள். மூன்றாம் மாதம் அவளுக்கு வழிவிட்டார்கள்.

வெயில் சாயும் நேரத்துக்கு வீட்டுக்குத் திரும்பினாள். செர்வான் நாற்காலியிலிருந்து அசையாமல் இருந்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன் விரித்தாள். விரல்களின் அடியில் பழைய காய்ப்புகள் இன்னும் மஞ்சளாக, கெட்டியாக இருந்தன.

"இதைப் பாரு. உன் வாயை நீ மூடிக்கிட்டதுக்கு என் கை குடுத்த விலை இது."

"தெரியும்," என்றார் செர்வான். "அதனாலதான் சொல்ல வாய் வரல."

"அந்த வழியை நீ காட்டியிருந்தா அவங்க கப்பல் நேரா நம்ம மதிலுக்குக் கீழ வந்து நின்னிருக்கும். அன்னிக்கு நான் புள்ளைங்களோட படகுல இருந்திருப்பேன். நடந்துக்கிட்டே அதையும் யோசிச்சேன்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கோபம் இன்னும் போகல. அது இருக்கட்டும், என்னுது. ஆனா நீ செஞ்சது சரி. அதையும் எழுதறேன். ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"அடுத்த அத்தியாயம் என்னுது. என் எட்டு வருஷம்."

"ஜாக்மீன், இது கடல் கதை..."

"நான் துடுப்புப் போட்டது மட்டும் என்ன, ரோட்டுலயா?"

செர்வான் மைக்கூட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "நீ சொல்லு, நீயே எழுது. நான் கேக்கிறேன்."

நினைவேட்டில் அதுதான் மிக நீளமான அத்தியாயம். முப்பத்தொரு பக்கம். துடுப்பு ஒளித்து வைத்தவர்கள் பெயர் உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. எழுதும்போது செர்வான் ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டார். ஒருநாள் காற்று எந்தத் திசை என்று அவள் எழுதியது தவறு என்றார். அவள் ஜன்னல் வழியே விரலை நீட்டி, அந்த நாளில் கோயில் உச்சியில் காற்றுத் திசை காட்டும் இரும்புக்கோழி எந்தப் பக்கம் பார்த்தது என்று காட்டினாள். அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ஏடு முடிந்தது. ஊர் நோட்டரி அதைப் படித்துவிட்டு ரென் நகரத்தில் ஓர் அச்சுக்காரரிடம் காட்டினார். அச்சுக்காரர் நேரிலேயே வந்தார். வெண்ணெய்க் கப்பல் பகுதியைப் படித்துத் தொடையில் தட்டினார்.

"இது நல்லா விக்கும் திருவாளர் ரூஸெல். ஆனா அந்தப் படகுக்கார அத்தியாயம் வேண்டாமே. கோர்சேர் கதை வாங்கறவன் பொம்பளை துடுப்புப் போடறதைப் படிக்கவா வாங்கறான்? அந்த இடத்துல ரெண்டு பீரங்கிச் சண்டை வெச்சா..."

"அந்த நேரத்துல நான் சேத்துல கெடந்தேன். அங்க பீரங்கி இல்ல."

"கொஞ்சம் கற்பனை..."

"ஐயா," என்றார் செர்வான், "எங்க வீட்டுல கோர்சேர் ரெண்டு பேர். ஒருத்தரை மட்டும் அச்சடிக்க விட மாட்டேன்."

அச்சுக்காரர் ஆப்பிள் கள்ளைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். செர்வானுக்கு அதில் ஒரு சிறு வருத்தமும் இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. வழிகாட்டிகள் தங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கையாலேயே படி எடுத்தார்கள். முதல் வருடத்தில் ஐந்து படி, பிறகு ஒன்பது. ஒரு படி காட் மீன் கப்பலில் நியூபவுண்ட்லாந்துக்கே போய்வந்தது, திரும்பும்போது அட்டை முழுக்க உப்பு.

அதை முதன்முதலில் வாசித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பின், பாய்ப் பட்டறையின் மேல்மாடியில். ஜாக்மீன்தான் வாசித்தாள். முதல் மூன்று வாரம் ஆண்கள் மட்டும் வந்தார்கள். பாறைகளின் பெயர் வரும்போது தலையாட்டுவார்கள், ஆயுதம் வீசிய இடத்தில் தூஸானின் மகன் எழுந்து நின்று, "எங்கப்பா அழல, கண்ணுல உப்புத் தண்ணி" என்று வாதாடினான். நான்காம் வாரம் படகு அத்தியாயம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அன்று மாடிப்படி வரைக்கும் பெண்கள். மீன்காரிகள், சிப்பிக்காரிகள், பாய் தைப்பவர்கள், ஆள் ஏற்றும் படகில் அவளுக்குப் பிறகு துடுப்புப் போட வந்த நான்கு பேர். உட்கார இடமில்லாமல் பாய்ச்சுருள்கள்மேல் ஏறி அமர்ந்தார்கள்.

ஜாக்மீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினாள். துடுப்பு ஒளித்தவர்கள் பெயரை அவள் உரக்க வாசித்தபோது கூரை அதிரச் சிரிப்பு. அதில் இருவர் அங்கேயே இருந்தார்கள், தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார்கள். செர்வான் முதல் வரிசையில், கோயிலில் உட்காருவதைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சும்மா இருய்யா," என்றார் செர்வான், கண்ணை எடுக்காமல். "எம் பொண்டாட்டி கரை கடக்கிறா."